பழைய ஹயஸ் வானுக்கு மாற்று இஞ்சின்: எதை நம்பி வாங்குவது?

வாசகர் கேள்வி: நிலாவெளியில் வசிக்கிறேன். என்னிடம் இருப்பது 1992 ஆம் ஆண்டு டொயோட்டா ஹயஸ் எல்எச்113, டொல்பின் வான், 3எல் என்ற வகை டீசல் இஞ்சின். காலையும் மாலையும் திருகோணமலை நகரத்துப் பாடசாலைகளுக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன். வார இறுதிகளில் கோயில் ஹயர் போவேன். சென்ற மாதம் நுவரெலியா ஹயரில் றம்பொடை ஏற்றத்தில் வெப்பமானி சிவப்புக்கு ஏறிவிட்டது. தண்ணீர் ஊற்றி ஊற்றி ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். இப்போது வெள்ளைப் புகை வருகிறது, ஒயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. இஞ்சினைக் கழற்றி, தேய்ந்த பாகங்களை மாற்றி ஓவர்ஹோல் செய்யலாம் என்கிறார் எங்கள் கராஜ் பாஸ் (தலைமை மெக்கானிக்). பழைய வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு கடைக்காரர் 60,000 கிலோமீற்றர் மட்டும் ஓடிய ஜப்பான் 3எல் இஞ்சின் இருக்கிறது, முற்பணம் அனுப்புங்கள் என்கிறார். மாற்றுவதே என்றால் 1கேஇசட் என்ற ரேபோ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளி வலுவைக் கூட்டும்) இஞ்சினைப் போடுங்கள், ஏற்றமெல்லாம் பறக்கும் என்கிறார் மருமகன். எது நம்பகமானது? என் வருமானம் இந்த வான் மட்டுந்தான்.

பதில்:

அன்பின் ஐயா,

வருமானம் முழுவதும் ஒரே வாகனத்தில் தங்கியிருக்கும்போது இப்படி நிதானித்துக் கேட்பது நல்லது. ஆகவே என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பழைய இஞ்சினின் பிளாக்கும் (சிலிண்டர்கள் உள்ள அடிப்பகுதி) கிராங்கும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) அளந்து பார்க்கையில் தேறினால் அதையே ஓவர்ஹோல் செய்யுங்கள். தேறாவிட்டால் அதே 3எல் இஞ்சினையோ, அதே குடும்பத்தைச் சேர்ந்த, மின்னணுக் கட்டுப்பாடு இல்லாத சாதாரண 5எல் இஞ்சினையோ, நான் கீழே சொல்லும் பரிசோதனைகளுக்குப் பிறகு வாங்குங்கள். 1கேஇசட் உங்கள் வானுக்கு வேண்டாம். இவற்றில் எதைச் செய்தாலும், பழைய இஞ்சின் ஏன் சூடேறியது என்பதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யாமல் ஒரு ரூபாயும் முற்பணமாக அனுப்ப வேண்டாம்.

இந்தக் கடைசி வரியைத்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) வெடித்தது, கஸ்கெட் (அதன் அடியிலுள்ள அடைப்புத் தகடு) போனது என்று நாம் சொல்வதெல்லாம் விளைவுகள். அவற்றுக்கு முன்னால் ஒரு காரணம் இருந்திருக்கிறது. அந்தக் காரணம் பெரும்பாலும் இஞ்சினுக்கு வெளியே, வானிலேயே தங்கியிருக்கிறது. இஞ்சினைக் கழற்றி எறிந்த பின்னும் அது அங்கேயே இருக்கும். புதிதாக வாங்கிய ஜப்பான் இஞ்சின் சில மாதங்களில் போய்விட்டது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சொல்லி வருபவர்களின் வான்களில் பழைய ரேடியேட்டரை நான் திறந்து பார்க்கச் சொல்வதுண்டு. அதன் குழாய்களில் பாதிக்கு மேல் அடைபட்டிருப்பது எனக்குப் புதிய காட்சியல்ல.

நம் மாவட்டத்தில் இதற்கு வலுவான காரணம் உண்டு. நிலாவெளி, குச்சவெளி போன்ற கரையோரக் கிணறுகளில் உப்புச் சாயல் இருக்கிறது. கந்தளாய்ப் பக்கம் உட்புறம் போனால் நீர் கடினமானது, கொதிக்க வைத்த பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடுவது. இந்த நீரை ரேடியேட்டருக்குள் ஆண்டுக்கணக்காக ஊற்றினால் உப்பு உலோகத்தை அரிக்கிறது, சுண்ணாம்பு குழாய்களின் உட்சுவரில் ஏறுகிறது. அத்துடன் கடற்காற்று ரேடியேட்டரின் வெளிப்புறத் தகடுகளை உதிர்த்துவிடுகிறது. குழாய் நன்றாக இருந்தாலும் தகடு உதிர்ந்த ரேடியேட்டர் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்காது. சமதரையில், காலைக் குளிர்ச்சியில், நிலாவெளியிலிருந்து நகரத்துக்கு ஓடும்போது இந்தக் குறை வெளியே தெரியாது. ஆட்கள் நிறைந்த வானை இரண்டாம் கியரில் றம்பொடை ஏற்றத்தில் ஏற்றும்போதுதான் தெரியவரும். கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் கந்தளாய், ஹபரணை வழியே ஏசி போட்டுக்கொண்டு ஓடினாலும் தெரியவரும்.

ஆகவே முதல் வேலையாக ரேடியேட்டரைக் கழற்றி, மேல் தொட்டியைத் திறந்து, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தகடுகள் உதிர்ந்திருந்தால் சுத்தம் செய்வதில் பயனில்லை. புதிய கோர் போட வேண்டும். அடுத்து விசிறி. உங்கள் வானின் விசிறி நடுவில் இருக்கும் பிசுபிசுப்பான சிலிக்கோன் திரவத்தின் மூலம் சுழல்கிறது. அந்தத் திரவம் கசிந்துவிட்டால், சூடேறும்போது வேகமெடுக்க வேண்டிய விசிறி சும்மா மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். இஞ்சின் நன்கு சூடான நிலையில் நிறுத்திவிட்டு விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையின்றிப் பல சுற்றுச் சுற்றினால் அது முடிந்துவிட்டது. விசிறியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு உடைந்து, தேவையில்லை என்று எறியப்பட்டிருந்தால் அதைத் தேடிப் போடுங்கள். அது இல்லாவிட்டால் விசிறி ரேடியேட்டரின் வழியே காற்றை இழுக்காமல் பக்கங்களிலிருந்து இழுத்துக்கொள்ளும்.

இங்கே தேர்மோஸ்டாட்டை, அதாவது சூட்டுக்கேற்ப ரேடியேட்டருக்கு நீரைத் திறந்துவிடும் வால்வைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். நம் ஊரில் வெயில் அதிகம், ஆகவே தேர்மோஸ்டாட் வேண்டாம் என்று அதைக் கழற்றி எறிவது பல கராஜ்களில் வழக்கம். இது தவறு. இந்த இஞ்சின்களில் தேர்மோஸ்டாட் திறக்கும்போது, ரேடியேட்டரைத் தவிர்த்துச் செல்லும் குறுக்குவழி மூடிக்கொள்கிறது. தேர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் அந்தக் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும்; சூடான நீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே மீண்டும் இஞ்சினுக்குள் திரும்பும். குளிர்விக்கும் திறன் குறையும் என்று டொயோட்டாவின் பழுதுபார்ப்புக் கைநூல்களே எச்சரிக்கின்றன. உங்கள் வானில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் ஹெட் ஏன் போனது என்பதற்கான விடையில் ஒரு பகுதி கிடைத்துவிட்டது.

இனி பழைய இஞ்சினுக்கு வருவோம். உங்கள் பாஸ் ஓவர்ஹோல் செய்யலாம் என்று சொன்னது அனுபவத்தில் சொன்னதாக இருக்கலாம். ஆனால் அது அளந்து பார்த்த பின் சொன்னதா என்பதைக் கேளுங்கள். ஹெட்டைக் கழற்றி, லேத் பட்டறையில் எல்லா வழிகளையும் அடைத்து, காற்றழுத்தம் கொடுத்து, சுடுநீரில் அமிழ்த்திப் பார்க்க வேண்டும். வெடிப்பு இருந்தால் குமிழி வரும். வெடித்த ஹெட்டை வெல்டிங் செய்து பூட்டுவதை நான் பாடசாலை வானுக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன். வேறு நல்ல ஹெட் ஒன்றைத் தேடுவதே முறை. பிறகு சிலிண்டர்களை போர் கேஜ் (உள்விட்டம் அளக்கும் கருவி) கொண்டு மேலும் கீழும், நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அளக்க வேண்டும். 3எல் இஞ்சினின் சிலிண்டர் விட்டம் 96 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓட்டமும் அதே 96 மில்லிமீற்றர், மொத்தக் கொள்ளளவு 2779 சீசி. தேய்மானம் கொஞ்சமென்றால் போர் செய்து (சிலிண்டரைச் சற்று அகலமாக அறுத்து) அடுத்த அளவுப் பிஸ்டன் போடலாம். அதிகமென்றால் லைனர் (புதிய உட்குழாய்) இறக்கலாம். கிராங்கையும் அதே போல அளந்து, வேண்டுமானால் சாணை பிடித்து, அதற்கேற்ற அளவுப் பெயாரிங் போட வேண்டும். தண்ணீர் கலந்த ஒயிலுடன் நீங்கள் நுவரெலியாவிலிருந்து ஊர் வரை ஓட்டி வந்ததால் பெயாரிங்குகள் அடிபட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஹெட்டை மட்டும் செய்துவிட்டுக் கீழ்ப்பகுதியைத் திறக்காமல் விடுவதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

ஓவர்ஹோல் செய்த இஞ்சினின் ஆயுள் மூன்று கைகளில் இருக்கிறது: அளக்கும் கை, அறுக்கும் கை, பூட்டும் கை. இவற்றில் நம் ஊரில் குறை அதிகம் வருவது முதலாவதில்தான். பிஸ்டனை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்து, ஒவ்வொரு சிலிண்டரையும் அதனதன் பிஸ்டனுக்கேற்ற இடைவெளி விட்டு அறுக்கச் சொல்ல வேண்டும். சிலிண்டரை முதலில் அறுத்துவிட்டுப் பிறகு பிஸ்டன் தேடக்கூடாது. பிஸ்டன் ரிங், பெயாரிங், கஸ்கெட் மூன்றையும் ஜப்பானியத் தயாரிப்பாகவே வாங்குங்கள், பெட்டியை நீங்களே பார்த்து வாங்குங்கள், பழைய பொருட்களைக் கையில் திருப்பித் தரச் சொல்லுங்கள். மலிவான ரிங் செட் ஒன்றால் மொத்தச் செலவும் வீணாவதை இத்தொழிலில் இருக்கும் எவரும் கண்டிருப்பார்கள். பிளாக்கும் கிராங்கும் தேறினால் நான் இந்த வழியையே முதலில் வைப்பதற்குக் காரணம் எளியது. உங்கள் இஞ்சினின் வரலாறு உங்களுக்குத் தெரியும். உள்ளே போகும் ஒவ்வொரு பொருளையும் நீங்கள் பார்க்கிறீர்கள். பதிவுப் புத்தகத்தில் ஒரு எழுத்தும் மாற வேண்டியதில்லை. வேலைக்குச் சில வாரங்கள் பிடிக்கலாம் என்பது மட்டுமே குறை. பாடசாலை விடுமுறையை ஒட்டிச் செய்ய முடிந்தால் அந்தக் குறையும் சிறுத்துவிடும்.

பஞ்சிகாவத்தை இஞ்சினைப் பற்றி அந்தக் கடைக்காரர் சொன்ன 60,000 கிலோமீற்றர் என்ற எண்ணை உங்கள் கணக்கிலிருந்தே நீக்கிவிடுங்கள். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஓடிய தூரத்தைக் காட்டும் மானி வாகனத்தின் டாஷ்போர்டில் இருக்கிறது, இஞ்சினில் இல்லை. வாகனத்திலிருந்து பிரிக்கப்பட்ட இஞ்சின் எவ்வளவு தூரம் ஓடியது என்பதை அவரும் யாரோ சொல்லக் கேட்டுத்தான் சொல்ல முடியும்.

ஜப்பான் இஞ்சின் என்றால் நம்பலாம் என்ற எண்ணம் நம் மக்களிடையே ஆழமாக இருப்பதற்கு நியாயமான காரணம் ஒரு காலத்தில் இருந்தது. அங்கே வாகனங்களுக்குக் குறித்த கால இடைவெளியில் கட்டாயப் பரிசோதனை உண்டு. வாகனம் பழையதாக ஆக அதன் செலவு உரிமையாளருக்குப் பாரமாகிறது. 2003 ஒக்டோபரில் தோக்கியோவும் அதைச் சூழ்ந்த மாகாணங்களும் பழைய டீசல் வாகனங்களின் புகைக்குக் கடுமையான கட்டுப்பாடு கொண்டுவந்தன. அக்காலத்தில் இஞ்சின் நன்றாக இருக்கும்போதே கழிக்கப்பட்ட டீசல் வாகனங்கள் இருந்தன; அப்படி வந்த இஞ்சின்கள் நம் நாட்டில் நீண்டகாலம் உழைத்தன. ஆனால் உங்கள் வடிவத்து ஹயஸின் உற்பத்தி ஜப்பானில் 2004 இல் முடிந்துவிட்டது. இன்று கடையில் கிடக்கும் 3எல் இஞ்சினுக்குப் பெரும்பாலும் இருபது வயதுக்கு மேல் இருக்கும். அது நேரே ஜப்பானிலிருந்து வந்ததா, வேறொரு நாட்டில் ஓடிவிட்டு வந்ததா, இங்கேயே ஒரு வானிலிருந்து இறக்கி, கழுவி, வெள்ளிப் பூச்சு அடித்து வைக்கப்பட்டதா என்பதை அதன் தோற்றத்தைக் கொண்டு அறிய முடியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பழைய வான்களை ஓட்டியே ஆக வேண்டிய நிலை வந்தது. 2025 இல் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டாலும் புதிய வாகனம் எட்டாத விலையில் நிற்கிறது. எனவே பழைய இஞ்சின்களைத் தேடி வருவோர் பலர்; கடைக்காரருக்கு எதையும் விற்க முடியும்.

ஆகவே சொல்லை விட்டு, பொருளைப் பார்க்க வேண்டும். உங்கள் பாஸை அழைத்துக்கொண்டு, டீசலுக்குரிய கம்பிரஷன் கேஜையும் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கருவி) எடுத்துக்கொண்டு நேரே போங்கள். பெட்ரோல் இஞ்சின் கேஜ் இதற்கு ஆகாது, அழுத்தம் தாங்காது. போனவுடன் முதலில் மெனிபோல்டில் (புகை வெளியேறும் குழாய்த்தொகுதி) கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் நீங்கள் வருமுன்பே ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஆறும் வரை காத்திருங்கள், ஏனெனில் தேய்ந்த டீசல் இஞ்சின் குளிர்ந்த நிலையில்தான் தன்னைக் காட்டிக் கொடுக்கும். ஒயில் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். தேன் நிறத்தில் மெல்லிய பூச்சுப் போல் இருந்தால் ஒயில் ஒழுங்காக மாற்றப்பட்டிருக்கிறது. கரிய களிமண் போல் திரண்டிருந்தால் எவ்வளவு விலை குறைந்தாலும் விட்டுவிடுங்கள். தண்ணீர் பம்பின் வாயில் துருப் பிடித்து உப்பியிருந்தால் அது நல்ல கூலன்ட் கண்ட இஞ்சின் அன்று. ஹெட் போல்ட்டுகளின் தலையில் ஸ்பானர் பட்ட பளபளப்பு இருந்தால், கஸ்கெட்டின் ஓரத்தில் புதிய சிலிக்கோன் பசை பிதுங்கியிருந்தால், யாரோ ஏற்கெனவே திறந்திருக்கிறார்கள். ஏன் திறந்தார்கள் என்பதற்குக் கடைக்காரர் நேரான பதில் சொல்ல வேண்டும்.

பிறகு கம்பிரஷன். குளோ பிளக்குகளை (ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடாக்கும் முனைகள்) கழற்றி, நல்ல பற்றரி கொண்டு, இஞ்சின் நிமிடத்துக்கு 250 சுற்றுக்குக் குறையாமல் சுற்ற, ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். இந்த இஞ்சினுக்கு, அது சூடாக இருக்கையில், உற்பத்தியாளர் சொல்லும் நல்ல அளவு சதுர சென்ரிமீற்றருக்கு 32 கிலோகிராம். ஆகக் குறைந்த எல்லை 20. சிலிண்டருக்குச் சிலிண்டர் வேறுபாடு 5 ஐத் தாண்டக் கூடாது. இருபது வயதுக்கு மேற்பட்ட இஞ்சினில் 32 ஐ எதிர்பார்ப்பது நியாயமில்லை. நான்கும் 27 அல்லது 28 இல் ஒன்றுக்கொன்று நெருங்கி நின்றால் நான் வாங்குவேன். மூன்று 30 இல் நின்று ஒன்று 23 இல் நின்றால், சராசரி நன்றாகத் தெரிந்தாலும், வாங்க மாட்டேன். அந்த ஒரு சிலிண்டரில் வால்வோ, ரிங்கோ, கஸ்கெட்டோ ஏற்கெனவே தோற்கத் தொடங்கிவிட்டது. அளக்க விடமாட்டோம் என்று கடைக்காரர் சொன்னால் விலையைப் பற்றிப் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

அளவு சரியாக இருந்தால், ஸ்டாண்டில் வைத்து, தண்ணீர் இணைத்து, அரை மணி நேரமாவது ஓட விடுங்கள். சூடான பின் ஒயில் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். மெல்லிய ஆவி வருவது இயல்பு. மூடி துள்ளும் அளவுக்குக் காற்று அடித்தால் ரிங்குகள் தேய்ந்துவிட்டன. ஒயில் அழுத்தத்தை விளக்கை நம்பாமல் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டீசல் பம்பின் அடியில் ஈரமிருக்கிறதா என்றும் கவனியுங்கள். பல ஆண்டுகள் காய்ந்து கிடந்த பம்பின் ரப்பர்ச் சீல்கள் டீசல் பட்டதும் கசியத் தொடங்குவது உண்டு, அந்தப் பம்பைச் செய்வது சிறிய செலவு அன்று.

பொருந்துமா என்பதும் நம்பகத்தன்மையின் ஒரு பகுதியே. ஒரே 3எல் இஞ்சின் ஹைலக்ஸிலும் வந்தது, ஹயஸிலும் வந்தது. ஆனால் சம்பின் (அடியிலுள்ள ஒயில் தொட்டி) வடிவமும், ஒயில் உறிஞ்சும் குழாயின் இடமும், பக்கத் தாங்கிகளும் வேறுபடலாம். ஓட்டோ கியர் வாகனத்திலிருந்து இறக்கிய இஞ்சின் என்றால் பறக்கும் சக்கரத்துக்கு (பிளைவீல்) பதிலாக மெல்லிய தகடுதான் இருக்கும். உங்கள் கியர்ப்பெட்டியின் தண்டு முனை உட்காரும் சிறிய பெயாரிங்கும் கிராங்கின் முனையில் இருக்காது. அதைக் கவனிக்காமல் பூட்டினால் கியர்ப்பெட்டி கெடும். மிக முக்கியமாக, உங்கள் ஓல்டனேற்றரின் (பற்றரிக்கு மின்னேற்றும் கருவி) பின்புறத்தில் இருக்கும் வெற்றிடப் பம்பைப் பாருங்கள். டீசல் இஞ்சினில் பிரேக்கின் உதவிச் சக்தி அந்தப் பம்பிலிருந்துதான் வருகிறது. அது இல்லாத ஓல்டனேற்றரையோ, தேய்ந்த பம்பையோ போட்டுவிட்டால், பிள்ளைகள் நிறைந்த வானில் பிரேக் பெடல் கல்லாக இறுகும்.

5எல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் சொல்ல வேண்டும். அது 3எல் இஞ்சினின் அதே கட்டமைப்பில், சிலிண்டர் விட்டம் மட்டும் 99.5 மில்லிமீற்றராகப் பெரிதாக்கப்பட்டு, 2986 சீசியாக வந்தது. ரேபோ இல்லை. ஜப்பானுக்கு வெளியே பல நாடுகளுக்கான ஹயஸ் வான்களில் அது மிகப் பிற்காலம் வரை வந்துகொண்டிருந்ததால், 3எல் இஞ்சினைவிட வயது குறைந்த 5எல் கிடைக்கும் வாய்ப்பு உண்டு. கீழ்சுற்றில் இழுவையும் சற்று அதிகம். ஆனால் 5எல்-இ என்று ஈ எழுத்துடன் வருவதில் டீசல் பம்ப் மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்குகிறது. உங்கள் வானுக்கு அது வேண்டாம். கொள்ளளவு மாறுவதால் பதிவிலும் அதை மாற்ற வேண்டிவரும்.

உங்கள் மருமகன் சொன்ன 1கேஇசட் மோசமான இஞ்சின் அன்று. ஹயஸின் சில வகைகளில் தொழிற்சாலையிலிருந்தே அது வந்திருக்கிறது. உங்கள் 3எல் தரும் 91 குதிரைவலுவுக்கு எதிராக ரேபோவுடன் 130 தருகிறது. ஏற்றத்தில் பறக்கும் என்று அவர் சொன்னது உண்மையே. ஆனால் அந்த இஞ்சினுக்குப் பொருத்தமான ரேடியேட்டர், கியர்ப்பெட்டி, கணினிப் பெட்டி, வயரிங் அனைத்தும் கொண்ட வானில் அது இருக்க வேண்டும். கூடுதல் வலு என்பது கூடுதல் வெப்பம். அந்த இஞ்சினின் ஹெட் ஒருமுறை அளவு மீறிச் சூடானால் வெடிக்கும் என்பது அதை அறிந்த எல்லா மெக்கானிக்குகளுக்கும் தெரியும். வெப்பத்தால் ஒரு இஞ்சினை இழந்த வானுக்கு, வெப்பத்தை இன்னும் குறைவாகத் தாங்கும் இஞ்சினைக் கொண்டுவர நான் சம்மதிக்க முடியாது. மேலும், கடற்காற்றில் முப்பது ஆண்டுகள் நின்ற வானின் வயரிங்கோடு வேறொரு வாகனத்தின் வயரிங்கை வெட்டி ஒட்டினால், என்றோ ஒருநாள் காலை ஏழு மணிக்கு, காரணம் தெரியாமல் வான் நின்றுவிடும். அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் கொழும்பில் இருப்பார். உங்கள் வானோ உப்புவெளிச் சந்தியில் நிற்கும். உங்கள் இஞ்சினை ஒரு ஸ்பானர் பெட்டியும் நல்ல பாஸும் இருந்தால் இலங்கையின் எந்த ஊரிலும் ஓட வைக்கலாம். ஏற்றத்தில் பத்து நிமிடம் முந்துவதைவிட அது உங்களுக்குப் பெரிய பலம்.

உள்ளூரில் விபத்தில் அடிபட்ட வானொன்றின் இஞ்சின் கிடைத்தால் அதையும் ஒதுக்கிவிட வேண்டாம். வானிலிருந்து இறக்குமுன் அதை ஓட்டிப் பார்க்க முடியும், அந்த வானின் உரிமையாளரிடம் பேச முடியும். சில வேளைகளில் அது பஞ்சிகாவத்தையைவிடச் சிறந்த கொள்வனவு.

எந்த இஞ்சினை வாங்கினாலும் பிளாக்கில் பொறிக்கப்பட்ட இலக்கத்தை நீங்களே படித்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த இடம் சுரண்டப்பட்டிருந்தாலோ, எழுத்துகள் கோணலாக மீண்டும் அடிக்கப்பட்டிருந்தாலோ தொட வேண்டாம். பற்றுச்சீட்டில் இஞ்சின் வகையும் இலக்கமும் எழுதப்பட்டிருக்க வேண்டும். இறக்குமதி செய்தது என்றால் சுங்க ஆவணத்தின் பிரதியும் வேண்டும். இஞ்சின் மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து, பதிவுச் சான்றிதழைத் திருத்திக்கொள்ள வேண்டும். தேவையான படிவங்களும் ஆவணங்களும் எவை என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே திணைக்களத்தில் கேட்டறியுங்கள். பிறகு கேட்டால் கடைக்காரர் தராத ஆவணமொன்றுக்காக அலைய நேரிடும். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள். பிள்ளைகளை ஏற்றும் வானில் இஞ்சின் இலக்கம் புத்தகத்தோடு ஒத்துப்போகாவிட்டால், விபத்தொன்று நேரும் நாளில் உங்கள் பக்கம் நியாயம் இருந்தும் நீங்கள் சிரமப்படுவீர்கள்.

உத்தரவாதத்தைப் பொறுத்தவரை, ஸ்டார்ட் ஆகும் வரைதான் பொறுப்பு என்பது உத்தரவாதமே அன்று. வானில் பூட்டி ஓட்டிப் பார்க்கக் குறைந்தது இரண்டு வாரம், பிளாக்கோ ஹெட்டோ பழுதென்றால் மாற்று இஞ்சின் அல்லது முழுப் பணம் என்று பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். கொழும்பிலிருந்து திருகோணமலை ஏறக்குறைய 260 கிலோமீற்றர். திருப்பி அனுப்பும் லொறிச் செலவு யாருடையது என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள்.

இஞ்சின் வந்து சேர்ந்த பின், வானில் ஏற்றுமுன், வெளியில் இருக்கும்போதே சில வேலைகளை முடித்துவிடுங்கள். ஹயஸில் இருக்கைக்கு அடியில் இறங்கிய பின் அவை இரட்டிப்பு வேலை. டைமிங் பெல்ட்டும் அதன் இறுக்குருளையும் கட்டாயம் புதிதாகப் போடப்பட வேண்டும். உற்பத்தியாளர் சொல்லும் ஆயுள் 100,000 கிலோமீற்றர். பழைய பெல்ட் எத்தனை ஓடியது என்று யாருக்கும் தெரியாது. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி ஹெட் முழுவதும் போய்விடும். வருவாய் அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையில் டீசல் வாகனங்களை உச்சச் சுற்றுக்கு முடுக்குவார்கள். தளர்ந்த பெல்ட்டுடன் அங்கே போகக்கூடாது. கிராங்கின் முன் பின் ஒயில் சீல்கள், தண்ணீர் பம்ப், தேர்மோஸ்டாட், எல்லா ரப்பர்க் குழாய்கள், கிளச் பிளேட் ஆகியவற்றையும் அப்போதே மாற்றுங்கள். டீசலைத் தெளிக்கும் நொசில்களைக் கழற்றிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இவற்றுக்கான பணத்தை இஞ்சின் விலையோடு சேர்த்து இப்போதே ஒதுக்காவிட்டால், இஞ்சினுக்கே முழுவதையும் கொடுத்துவிட்டுப் பழைய பெல்ட்டோடு ஓடும் நிலை வரும்.

தண்ணீருக்குப் பதில் கூலன்ட் ஊற்றுங்கள். கலப்பதற்குக் காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்துங்கள், கிணற்று நீரை இனி ரேடியேட்டருக்குக் காட்டவே வேண்டாம். ரேடியேட்டர் மூடியும் புதிதாகட்டும். அழுத்தம் பிடிக்காத மூடியால் நீர் முன்னதாகவே கொதிக்கும். வெப்பமானியின் முள் எப்போதும் நிற்கும் இடத்தைவிட மேலே போனால் உடனே நிறுத்த வேண்டும், தண்ணீர் ஊற்றிக்கொண்டு தொடரக்கூடாது. சூடான இஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றுவதாலேயே வெடித்த ஹெட்டுகள் உண்டு.

ஓவர்ஹோல் செய்தாலும் மாற்றினாலும் முதல் ஆயிரம் கிலோமீற்றரைப் பாடசாலை ஓட்டத்தில், நகரத்துக்கும் நிலாவெளிக்கும் இடையில் ஓட்டுங்கள். ஆயிரம் முடிந்ததும் ஒயிலையும் பில்டரையும் மாற்றி, டேப்பட் (வால்வு) இடைவெளியைச் சரிபார்த்து, கூலன்ட் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு ஆட்களை ஏற்றாமல் கந்தளாய், ஹபரணை வரை ஒருமுறை ஏசியுடன் போய் வாருங்கள். முள் அசையாமல் நின்றால் கோயில் ஹயர் ஏற்கலாம். நுவரெலியாவுக்கு அதற்குப் பிறகு போகலாம்.

அதுவரை பிள்ளைகளுக்கு வேறொரு வானை ஒழுங்கு செய்து கொடுங்கள். தண்ணீர் கலந்த ஒயிலோடு அந்த இஞ்சினை இனி ஒருமுறைகூட ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஸ்டார்ட் செய்யும் ஒவ்வொரு முறையும் நீங்கள் காப்பாற்றக்கூடிய கிராங்கைத் தேய்க்கிறீர்கள். பஞ்சிகாவத்தைக் கடைக்காரருக்கு இன்றே தொலைபேசியில் சொல்லுங்கள்: முற்பணம் இல்லை, கேஜுடன் வருகிறோம், குளிர்ந்த நிலையில் அளக்க விட வேண்டும். அதற்கு அவர் சொல்லும் பதிலைக் கேட்டுவிட்டு, உங்கள் பாஸ் அளந்து தரும் சிலிண்டர் அளவுகளையும் எழுதி அனுப்புங்கள். பிளாக் தேறுமா என்பதை அந்த எண்களைப் பார்த்துச் சொல்கிறேன்.